இரண்டு கிளாஸ் ஒயினும் ஓர் அமைச்சர் பதவியும்

எங்கள் காலை நடைக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் நம் வம்சாவளியில் வந்த யாராவது பெரிய பதவிக்கு வந்துவிட்டால், அன்று டீக்கடையில் பேச்சு முழுவதும் அதுதான். "நம்ம ரத்தம் சார், எங்கே போனாலும் ஜெயிக்கும்" என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவோம். நானும்தான்.

போன மாதம் அப்படி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, அதிகம் பேசாத ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டார்: "பதவிக்கு வந்தா கொண்டாடுறோம். அந்த ஆளே தப்புப் பண்ணிப் பதவி போனா என்ன சொல்வோம்? வெளியூர்க்காரன்னு பழி வாங்கிட்டாங்கன்னு சொல்வோமா, சரிதான்னு சொல்வோமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. டீ ஆறிவிட்டது என்று எழுந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி என் கூடவே வீட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் செய்தித்தாளில் படித்து, பிறகு ஆர்வத்தில் தேடித் தேடித் தெரிந்துகொண்ட ஒரு சுவீடன் நாட்டு அமைச்சரின் கதை ஞாபகம் வந்தது. அவருக்கும் நமக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனாலேயே யோசிக்க வசதி. நம் ஆள், அவர்கள் ஆள் என்ற பேச்சு குறுக்கே வராது.

அவர் பெயர் ஐடா ஹாஜியாலிச். 1987 ஜனவரியில் போஸ்னியாவில், த்ரீனா ஆற்றங்கரையில் உள்ள ஃபோச்சா என்ற ஊரில் பிறந்தவர். அப்போது அது யூகோஸ்லாவியா. நம் தலைமுறைக்கு மார்ஷல் டிட்டோவையும் அணிசேரா நாடுகளையும் சேர்த்து நன்றாகத் தெரிந்த பெயர். ஃபோச்சாவில் ஏறக்குறையப் பாதிப்பேர் முஸ்லிம்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் செர்பியர்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவர்கள்.

1992 ஏப்ரலில் போர் வந்தது. செர்பியப் படைகள் ஊரைப் பிடித்தன. முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், மற்றவர்கள் விரட்டப்பட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய அலாஜா பள்ளிவாசலை அந்த ஆகஸ்டில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஊரின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கு நடந்த கொடுமை பற்றிய வழக்கில்தான், பாலியல் வன்முறை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று ஹேக் நகரில் இருந்த சர்வதேசத் தீர்ப்பாயம் 2001இல் தீர்ப்புச் சொன்னது. சட்டம் படிப்பவர்கள் ஃபோச்சா என்ற பெயரை இன்றும் அந்தத் தீர்ப்போடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

ஐந்து வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அந்தக் குடும்பம் தப்பித்து சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்தது. மேற்குக் கடற்கரையில் ஹால்ம்ஸ்டாட் என்ற ஊர்.

சுவீடன் அப்போது பணம் கொட்டிக் கிடந்த நாடு என்று நினைத்துவிடாதீர்கள். 1992 செப்டம்பரில் தங்கள் நாணயத்தின் மதிப்பைக் காப்பாற்ற அவர்களுடைய மத்திய வங்கி ஒரு வட்டி விகிதத்தை 500 சதவீதத்துக்கு ஏற்றியது. ஐந்து சதவீதம் இல்லை, ஐந்நூறு. வங்கிகள் ஆட்டம் கண்டன, பலருக்கு வேலை போனது. அந்த நேரத்தில்தான் போஸ்னியாவிலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அந்த நாடு ஏற்றுக்கொண்டு நிரந்தரமாகத் தங்கவும் அனுமதித்தது. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆனாலும் செய்தார்கள்.

செய்ததோடு விட்டுவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. வந்தவர்களுக்கு இலவச சுவீடிஷ் மொழி வகுப்பு, பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளோடு அதே பள்ளி, அதே சாப்பாடு. இன்னொன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குடியுரிமை வாங்காதவரும் தொடர்ந்து மூன்று வருடம் அந்த நாட்டில் வசித்திருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். 1976இலேயே கொண்டுவந்த ஏற்பாடு அது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் அந்தத் தெருவில் குடியிருக்கிற எல்லோருக்கும்தானே இருட்டு?

ஐடா லுண்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். 2010இல், 23 வயதில், ஹால்ம்ஸ்டாட் நகராட்சியில் முழுநேரப் பொறுப்புள்ள தலைமைப் பதவிகளில் ஒன்றுக்கு வந்தார். 2014 அக்டோபரில் ஸ்டீஃபன் லோவேன் பிரதமரானபோது ஐடாவுக்கு அமைச்சரவையில் இடம் கிடைத்தது. வயது 27. அதுவரை அந்த நாட்டில் அவ்வளவு இளம் வயதில் யாரும் அமைச்சரானதில்லை. லோவேன் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்து, வெல்டராக வேலை பார்த்து, தொழிற்சங்கம் வழியாக மேலே வந்த மனிதர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழேயிருந்து வருபவர்களைப் பார்த்தால் அவருக்குப் புரிந்திருக்கும்.

ஐடாவுக்குக் கொடுத்த இலாகா மேல்நிலைப் பள்ளியும் முதியோர் கல்வியும். முதியோர் கல்வி என்றால் நம் அறிவொளி இயக்கம் போல எழுத்தறிவு மட்டும் இல்லை. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், வேலை இழந்தவர்கள், புதிதாக வந்த அகதிகள் எல்லோரும் திரும்பவும் வகுப்பில் உட்கார்ந்து மேற்படிப்புக்கோ வேலைக்கோ தகுதி பெறும் ஏற்பாடு. மொழி தெரியாமல் வந்த ஒரு குழந்தை வளர்ந்து அதே துறைக்கு அமைச்சர். இது சினிமாவாக இருந்தால் இங்கேயே வணக்கம் போட்டிருப்பார்கள்.

2016 ஆகஸ்ட் மாதம். கோபன்ஹேகனில் ஒரு மாலைப்பொழுது. ஐடா இரண்டு கிளாஸ் ஒயின் குடிக்கிறார். நான்கு மணி நேரம் போகட்டும் என்று விட்டு, உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது என்ற நம்பிக்கையில் காரை எடுக்கிறார். டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஓரெசுண்ட் வழியாகப் பயணம். கொஞ்ச தூரம் கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை, நடுவே செயற்கைத் தீவு, பிறகு ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் பாலம். பாலத்தைத் தாண்டி மால்மோ பக்கம் வந்ததும் போலீஸ் சோதனை. ஊதச் சொன்னார்கள். 0.2 என்று காட்டியது.

இந்த எண்ணைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.2 பங்கு ஆல்கஹால் என்று அர்த்தம். சுவீடனில் சட்டத்தின் எல்லைக்கோடே அதுதான். முன்பு 0.5 ஆக இருந்ததை 1990இல் 0.2 ஆகக் குறைத்தார்கள். டென்மார்க்கில் எல்லை 0.5. அதாவது பாலத்தின் அந்தக் கரையில் அவர் குற்றவாளி இல்லை, இந்தக் கரையில் குற்றவாளி. நம் மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்கிறது, அதாவது ஆயிரத்துக்கு ஏறக்குறைய 0.3. நம் ஊரில் ஊதியிருந்தால் "போங்கம்மா" என்று அனுப்பியிருப்பார்கள்.

அவர் என்ன செய்தார்? அடுத்த சில நாட்களுக்குள், ஆகஸ்ட் 13ஆம் தேதி, தானே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தவறு என்றார். பதவி விலகுகிறேன் என்றார். வழக்கு முடியட்டும், கோர்ட் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. பாலத்தின் அந்தப் பக்கம் இது குற்றமே இல்லை என்ற கணக்கை வைத்தும் தப்பிக்கப் பார்க்கவில்லை. வயது 29.

அந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு கிளாஸ் ஒயினுக்கு ஓர் அமைச்சர் பதவியா? அதுவும் போரில் தப்பித்து வந்த குழந்தை. எத்தனையோ அகதிப் பெண்களுக்கு நம்பிக்கையாக இருந்தவர். குடியேறியவர்களுக்கு எதிரான சுவீடன் ஜனநாயகவாதிகள் கட்சி 2014 தேர்தலில் ஏறக்குறைய 13 சதவீத ஓட்டு வாங்கி மூன்றாவது பெரிய கட்சியாகியிருந்தது. அவர்கள் வாய்க்கு அவல் போட்டது மாதிரி ஆகாதா? கொஞ்சம் விட்டுப்பிடித்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதே, மறந்துபோனதாக நான் நினைத்த ஒன்று மேலே வந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

நான் போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்தவன் என்பது இங்கே வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். 1980களில் ஒரு டிப்போவில் காலை டூட்டி ஒதுக்கும் பொறுப்பில் சில வருடம் இருந்தேன். விடியற்காலை நாலரை மணிக்கு முதல் வண்டி. ஒருநாள் அந்த வண்டிக்கு வந்த டிரைவர் கையெழுத்துப் போடக் குனிந்தபோது வாடை அடித்தது. முந்தின இரவு ஏதோ கல்யாண வீடு. நல்ல மனிதர், எங்கள் ஊர்ப்பக்கம். என் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ராத்திரியில் கூட வந்து உதவியவர். "இன்னிக்கு நீங்க வண்டி எடுக்க வேண்டாம். போய்ப் படுங்க, லீவுன்னு எழுதிக்கிறேன்" என்றேன். வேறு ஆளைப் போட்டு வண்டியை அனுப்பினேன். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. மனிதாபிமானத்தோடு நடந்துகொண்டதாக எனக்கு ஒரு திருப்தி.

ஏழெட்டு மாதம் கழித்து இன்னொரு டிரைவர். சின்ன வயது, வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், கொஞ்சம் எடுத்தெறிந்து பேசுவார். அதே மாதிரி விடியற்காலை, அதே மாதிரி வாடை. விதிப்படி ரிப்போர்ட் எழுதினேன். சஸ்பெண்ட் ஆனார். நான் செய்தது சரிதான். பஸ்ஸில் ஐம்பது பேர் உயிர் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து கேட்டருகில் என்னை நிறுத்திக் கேட்டார்: "சார், எனக்கு ரிப்போர்ட் எழுதினது தப்புன்னு சொல்லல. அவருக்கு மட்டும் எப்படி லீவு?"

எனக்கு வாயடைத்துப் போனது. டிப்போவில் எதுவும் ரகசியம் இல்லை என்பதை நான் யோசித்திருக்கவில்லை. சஸ்பென்ஷன் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு நான் மாற்றலாகிப் போகும்வரை டூட்டி நம்பரைத் தவிர அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைத் தண்டித்தது விதி. அவமானப்படுத்தியது நான்தான். ரிப்போர்ட் எழுதியதால் இல்லை, முதல் ஆளுக்கு எழுதாமல் விட்டதால்.

சுவீடனுக்கு வருவோம். ஐடாவை விட்டுப்பிடித்திருக்கலாம் என்று நினைத்த என் இரக்கத்துக்குள்ளே "பாவம், வெளியிலிருந்து வந்த பெண்" என்ற எண்ணம் இருந்தது. சலுகை காட்டுவதும் ஒருவிதத்தில் "நீ எங்களில் ஒருத்தி இல்லை" என்று சொல்வதுதான். அதேபோல், "இவர்களை உள்ளே விட்டதே தப்பு" என்று சொல்கிறவர்களும் அதையேதான் வேறு குரலில் சொல்கிறார்கள். இரண்டு பேரும் கையில் வைத்திருப்பது தனி அளவுகோல்.

அப்படியானால் சுவீடன் அவருக்கு வைத்த அளவுகோல் தனியா, பொதுவா? அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் தெரியும்.

மோனா சாலின் என்பவர் துணைப் பிரதமராக இருந்தார். அடுத்த பிரதமர் என்று எல்லோரும் எதிர்பார்த்தவர். அரசாங்க அட்டையைச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தினார் என்று 1995இல் வெளியே வந்தது. வாங்கிய சாமான்களில் டோப்லரோன் சாக்லேட்டும் இருந்ததால் இன்றும் அதற்கு டோப்லரோன் விவகாரம் என்றுதான் பெயர். பணத்தைத் திருப்பிக் கட்டியும் பயனில்லை. பிரதமர் கனவு அதோடு போனது, பதவியும் போனது.

2006இல் புதிதாக வந்த வலதுசாரி அரசில் வர்த்தக அமைச்சர் மரியா பொரேலியஸ். வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு வரி கட்டாமல் கையில் சம்பளம் கொடுத்தது தெரியவந்தது. எட்டு நாளில் பதவி போனது. அதே அமைச்சரவையில் கலாசார அமைச்சர் சிசிலியா ஸ்டேகோ ஷீலோ. அவர் 16 வருடமாக டிவி லைசென்ஸ் கட்டணம் கட்டவில்லை. தபால் ஆபீசுக்குப் போய் ரேடியோ லைசென்ஸ் கட்டிய ஞாபகம் நம்மில் பலருக்கு இருக்கும், அந்த மாதிரிக் கட்டணம்தான். பத்து நாளில் அவரும் போனார்.

இவர்கள் மூவரும் அகதிகள் இல்லை. ஆகவே ஐடா விஷயத்தில் அந்த நாடு பழைய அளவுகோலைத்தான் எடுத்தது. மரக்கோல் தேய்ந்ததும் இல்லை, நீண்டதும் இல்லை.

"பொது அளவுகோல் என்பதெல்லாம் சரி, வெளியிலிருந்து வந்தவர் மேல்தான் எல்லோர் கண்ணும் இருக்கும், அவர் மற்றவர்களைவிட ஒரு பங்கு அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறதே, அது நியாயமா?" என்று கேட்பீர்கள். நியாயமில்லைதான். ஒரு சுவீடன்காரர் தப்புச் செய்தால் அவர் தப்பு. குடியேறியவர் செய்தால் அவர் கூட்டத்தின் தப்பு. இது எல்லா நாட்டிலும் உள்ள வியாதி. புதிதாக வந்தவர் நன்றியோடும் குறையில்லாமலும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அதில் சேர்ந்ததுதான். ஆனால் அதற்கு மருந்து சலுகை இல்லை. சலுகை அந்த வியாதியைத்தான் வளர்க்கும். "பார், அவர்களுக்கு ஒரு நியாயம்" என்று சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்துவிடும். ஐடா பதவி விலகிய விதத்தில் அந்த வாய்ப்பை யாருக்கும் கொடுக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சோகக் கதை. முடியவில்லை.

ஐடா அரசியலை விட்டுப் போகவில்லை. ஸ்டாக்ஹோம் பிராந்திய அவையில் தன் கட்சியின் தலைமைப் பொறுப்புக்கு வந்து எதிர்க்கட்சி வரிசையில் வேலை செய்தார். 2022 செப்டம்பர் தேர்தலுக்குப் பிறகு அந்தப் பிராந்திய நிர்வாகத்தின் தலைமைப் பதவி அவருக்கு வந்தது. சுமார் 24 லட்சம் மக்கள். ஆஸ்பத்திரிகள், மெட்ரோ ரயில், பஸ்கள் எல்லாம் அந்த நிர்வாகத்தின் கீழ்தான். குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டவர் கையிலா பஸ்களைக் கொடுத்தார்கள் என்று பழைய பஸ்காரனான எனக்கு முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். தப்பை ஒப்புக்கொண்டு, விலை கொடுத்து, ஆறு வருடம் காத்திருந்து, ஓட்டுப் பெட்டி வழியாகத் திரும்பி வந்தவர். வேறு எந்த வழியில் வர வேண்டும் என்று நான் கேட்க முடியும்? மோனா சாலினும் அப்படித்தான் 1998இல் மீண்டும் அமைச்சரானார், 2007இல் கட்சித் தலைவரே ஆனார். கதவைச் சாத்துவதில் ஒரே அளவுகோல் இருந்தது போலத் திறப்பதிலும் ஒரே அளவுகோல்.

அவர் பின்னால் வந்தவர்களுக்கும் பாதை அடைபடவில்லை. ஐடாவின் இளம் வயது சாதனையை 2022இல் ரொமினா பூர்மொக்தாரி முறியடித்தார். 26 வயதில் சுற்றுச்சூழல் அமைச்சர். ஈரானிலிருந்து வந்த பெற்றோரின் மகள், ஐடாவுக்கு எதிரணியில் இருக்கும் கட்சி. ஐடாவுக்கு முன்னால் நியாம்கோ சபூனி என்று ஒருவர். புருண்டியில் பிறந்து, 12 வயதில் சுவீடன் வந்து, 2006இல் அமைச்சராகி, பிறகு லிபரல் கட்சிக்குத் தலைவரானவர். அந்த நாட்டில் எல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. அதே 2022 தேர்தலில் சுவீடன் ஜனநாயகவாதிகள் 20 சதவீதத்தைத் தாண்டி இரண்டாவது பெரிய கட்சியானார்கள். இரண்டு காற்றும் ஒரே ஊரில்தான் அடிக்கிறது.

எங்கள் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு நாற்காலி கொடுப்பது பெரிய மனசுதான். ஆனால் அதை விருந்தாளிக்கும் கொடுக்கலாம். விருந்தாளி தப்புச் செய்தால் நாம் ஒன்றும் சொல்வதில்லை, அடுத்த முறை கூப்பிடாமல் விட்டுவிடுகிறோம். வீட்டுப் பிள்ளை தப்புச் செய்தால் கண்டிக்கிறோம், சாப்பாட்டு நேரத்தில் திரும்பவும் கூப்பிடுகிறோம். 2016இலும் 2022இலும் ஐடாவுக்குக் கிடைத்தது வீட்டுப் பிள்ளைக்கு உள்ள நடத்தை.

ஆகவே நம் வம்சாவளியினர் ஒருவர் எங்கேயாவது தப்புச் செய்து பதவி இழந்தால், நான் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன். அதே தப்புக்கு அந்த ஊர்க்காரர் ஒருவர் பதவி இழந்திருக்கிறாரா? ஆமாம் என்றால் வாய் பேச மாட்டேன்.

அந்த இளம் டிரைவர் இப்போது ஓய்வு பெற்றிருப்பார். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. கேட்டருகில் அவர் கேட்ட கேள்விக்கு முப்பது வருடத்துக்கு மேலாக நான் பதில் பாக்கி வைத்திருக்கிறேன். தற்செயலாக அவர் பார்வையில் இது பட்டால், இதையே பதிலாக எடுத்துக்கொள்ளட்டும்: நீங்கள் கேட்டது நியாயம். தப்பு என்னுடையது.